கலகம் அடக்கப்பட்டது: ஒரு வாக்கியத்தைத் திருத்தியது பற்றி

இரண்டு வருடங்களுக்கு முன்னால், வேலூர் 1806 பற்றி ஒரு சிறு வெளியீடு கொண்டுவருவதென்று எங்கள் வாசகர் வட்டத்தில் முடிவாயிற்று. ஜூலை 10ஆம் தேதிக் கூட்டத்தில் ஆளுக்கொரு பிரதி கொடுக்க வேண்டும். ஆங்கில நூல் ஒன்றின் ஓர் அத்தியாயத்தைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு எதற்கு இந்த வேலை என்றவர்களும், தமிழ் படித்தவன்தானே செய்ய வேண்டும் என்றவர்களும் ஒரே வட்டத்தில் இருந்தார்கள். இரண்டாவது கட்சி ஜெயித்தது.

அத்தியாயத்தின் கடைசிப் பகுதியில் ஒரு சின்ன வாக்கியம். கலகம் அன்று பகலுக்குள் ‘குவெல்’ செய்யப்பட்டது என்று ஆங்கிலத்தில் இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. ‘பகலுக்குள் கலகம் அடக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டேன். இதற்கு முன்னால் இருந்த தலைப்பாகை விவகாரத்துக்கும் திப்புவின் பிள்ளைகள் கோட்டைக்குள் காவலில் இருந்த விவரத்துக்கும் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவன், இந்த ஒரு வாக்கியத்தில் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

அச்சுக்குப் போகுமுன் வழக்கம்போலக் கைப்பிரதியை வட்டத்தில் வாசித்துக் காட்டினேன். தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தோழர் ஒருவர், எப்போதும் கடைசி வரிசையில் உட்காருகிறவர், கையைத் தூக்கினார்.

“இன்னா தம்பி, கலகத்தை அடக்குனாங்கன்னு போட்டிருக்கே. கலகம்னா இன்னா, ஆளா மாடா? யாரை அடக்குனாங்க?”

சிப்பாய்களை என்றேன்.

“அப்ப சிப்பாய்ங்களைன்னு போடு. அடக்குனாங்கன்னா இன்னா, கட்டிப் போட்டாங்களா, கொன்னாங்களா?”

கொன்றார்கள்.

“கொன்னு, அடக்கம் பண்ணாங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை. நான் மொழிபெயர்த்த அத்தியாயத்தில் சிப்பாய்களின் உடல்கள் என்னவாயின என்று ஒரு வரிகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதைவிட உறைத்தது, அவர் கேட்ட மூன்று கேள்விகளும் வரலாற்றுக் கேள்விகள் அல்ல, இலக்கணக் கேள்விகள் என்பது. எழுவாய் எங்கே, செயப்படுபொருள் எது, வினையின் பொருள் என்ன? வகுப்பில் நான் பையன்களைக் கேட்கிற கேள்விகள்தான்.

முதலில் அந்த ஆங்கில வினையைப் பார்த்தேன். கையடக்க அகராதிகள் (கையடக்கம்! இந்த அடக்கம் நம்மை விடுவதில்லை) அடக்கு, ஒடுக்கு, தணி என்று மூன்று சொல்லை வரிசையாகக் கொடுத்துவிட்டுக் கழன்றுகொள்கின்றன. சொற்பிறப்பைத் தேடிப் போனால் கதை வேறு. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு அடக்குதல் என்று பொருளே இல்லை. ‘குவெல்லான்’ என்றால் கொல்லுதல். நேரடியாக, ஒளிவுமறைவில்லாமல் கொல்லுதல். ‘குவெல்லரே’ என்றால் கொல்பவன், தூக்குத்தண்டனை போன்றவற்றை நிறைவேற்றுகிறவன். இதன் ஜெர்மன் உறவுச் சொல்லான ‘குவேலன்’ இன்றும் வதைத்தல் என்ற பொருளில் புழங்குகிறது. 1300 வாக்கில்தான் ஆங்கிலச் சொல்லுக்கு அடக்குதல், அணைத்தல், பணியவைத்தல் என்ற மெல்லிய பொருள் வந்து சேர்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்தில்கூடப் பழைய பொருள் சாகவில்லை. மாக்பெத் நாடகத்தில் அரசனைக் கொல்லும் சதியைப் பேசும் இடத்தில் இதே சொல் கொலை என்ற பொருளில் பெயர்ச்சொல்லாக வருகிறது. மனிதக் கொலையாளியைக் குறிக்க இந்த வினையிலிருந்து பிறந்த ஒரு வசைச்சொல்லும் அவருடைய இன்னொரு நாடகத்தில் உண்டு.

ஒரு தமிழாசிரியனுக்கு இதைவிடச் சுவையான செய்தி வேறு இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘குவெலான்’ என்று இன்னொரு வினையும் இருந்தது. ஒரு எழுத்துதான் வித்தியாசம். அதற்குச் சாதல் என்று பொருள். அது தன்வினை, இது பிறவினை. ஒருவன் சாகிறான், இன்னொருவன் அவனைச் சாகச் செய்கிறான். நம்முடைய திருந்து, திருத்து போல. அடங்கு, அடக்கு போல. நூற்றாண்டுகளின் ஓட்டத்தில் ஆங்கிலத்தில் தன்வினை வழக்கொழிந்து போயிற்று. பிறவினை மட்டும் தப்பிப் பிழைத்தது. செத்தவனைப் பற்றிய வினை செத்துவிட்டது, கொன்றவனுடைய வினை உயிரோடிருக்கிறது.

தப்பிப் பிழைத்தது என்றேனே, எப்படித் தப்பியது? செயப்படுபொருளை மாற்றிக்கொண்டு. ஆதியில் அந்த வினைக்குச் செயப்படுபொருளாக மனிதன் வந்தான். இன்று அந்த இடத்தில் கலகம், கலவரம், வதந்தி, அச்சம், சந்தேகம் என்று அருவமான பெயர்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இன்றைய ஆங்கிலத்தில் ஒரு மனிதனை ‘குவெல்’ செய்தார்கள் என்று எழுதினால் வாக்கியமே நொண்டுகிறது. கலகத்தை என்று எழுதினால் வழுக்கிக்கொண்டு போகிறது. கலகத்துக்கு உடம்பு இல்லை. அதற்கு அடிபடாது, ரத்தம் வராது, அதைத் தேடிக்கொண்டு ஒரு பெண்டாட்டியோ தாயோ கோட்டை வாசலுக்கு வரமாட்டாள். கொலைவினை அப்படியே இருக்க, கொல்லப்படுபவன் மட்டும் வாக்கியத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டிருக்கிறான். சொல்லின் பொருள் ‘மென்மையடைந்தது’ என்று அகராதிக்காரர்கள் இதைச் சொல்வார்கள். மென்மையடைந்தது சொல்லின் பொருளா, அதைப் படிக்கிறவனுடைய மனசாட்சியா என்பது என் சந்தேகம்.

சொல்லாராய்ச்சியில் சொக்கிப் போவது தமிழ் படித்தவர்களின் பழைய வியாதி. வேர்ச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் உலகத்தையே கண்டுபிடித்த மாதிரி ஒரு திருப்தி வரும். ஆகவே வேலூருக்கே திரும்புகிறேன். அந்த வாக்கியம் எதை மூடியது?

1806 ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதிய தலைப்பாகை, நெற்றிக் குறிகளுக்கும் தாடிக்கும் தடை என்று 1805 முடிவிலிருந்து வந்த உத்தரவுகள் உடனடிக் காரணம். 69ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த வெள்ளைச் சிப்பாய்கள் நூற்றுக்கும் மேல் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் படுக்கையிலேயே சுடப்பட்டார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும். செய்தி சுமார் 25 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆற்காட்டுக்குப் போக, அங்கிருந்து கில்லெஸ்பி 19ஆம் குதிரைப்படையோடு வந்தார். கயிறு போட்டு மதில்மேல் ஏறியதும், பீரங்கியால் கதவைப் பிளந்ததும் ஆங்கில ராணுவ நூல்களில் சாகசக் கதையாக விரிகின்றன. அந்த இடங்களிலெல்லாம் எழுவாய் கச்சிதமாக இருக்கிறது. கில்லெஸ்பி ஏறினார், கில்லெஸ்பி கட்டளையிட்டார். அதன் பிறகு நடந்ததற்கு வரும்போதுதான் எழுவாய் மெல்ல நழுவுகிறது. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த நூறு சிப்பாய்கள் போல வெளியே இழுத்துவரப்பட்டு, ஒரு சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். அந்தப் படையோடு வந்த பிளேக்கிஸ்டன் என்ற பொறியாளர் 1829இல் வெளியிட்ட தன் நினைவுக் குறிப்பில் இதைக் கண்ணால் கண்டதாக எழுதியிருக்கிறார். அது நியாயமான தண்டனையே என்றும் எழுதியிருக்கிறார். அவரை மட்டும் நான் ஒரு வகையில் மதிக்கிறேன். அவர் மூடவில்லை. கோட்டைக்குள் செத்த சிப்பாய்கள் 350 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்குகளில் குறைந்த ஒன்று. விசாரணைக்குப் பிறகு ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள், ஐந்து பேரைச் சுட்டார்கள், எட்டுப் பேரைத் தூக்கிலிட்டார்கள், ஐந்து பேரை நாடு கடத்தினார்கள்.

இவ்வளவையும் ‘கலகம் அடக்கப்பட்டது’ என்ற இரண்டு சொல்லுக்குள் அடக்கியவன் நான். ஆங்கிலக்காரன் ஒரு முறை புதைத்ததைத் தமிழில் இரண்டாம் முறை புதைத்தவன்.

சட்டத்தில் இந்த விளையாட்டு இன்னும் துல்லியமாக நடக்கிறது. இங்கிலாந்தில் 1715இல் அமலுக்கு வந்த கலகச் சட்டம், பன்னிரண்டு பேரோ அதற்கு மேலோ கூடியிருந்தால் கலைந்துபோகச் சொல்லி அதிகாரி ஒருவர் அறிவிப்பை வாசிக்க வேண்டும் என்றது. ஒரு மணி நேரம் கழித்தும் நிற்பவர்களைக் கலைக்கும்போது யாராவது செத்தால், கலைத்தவர்கள்மேல் குற்றமில்லை. கலைப்பதுதான் செயல், சாவு அதன் ஓரத்தில் நேர்ந்துவிடுகிற ஒன்று. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் பன்னிரண்டை ஐந்தாகக் குறைத்தது. கூட்டத்தைக் கலைப்பது ஒரு வினை, கலகத்தை ஒடுக்குவது இன்னொரு வினை என்று அதன் 152ஆம் பிரிவு பேசியது. இதைச் செய்யும் அரசு ஊழியரைத் தடுத்தால் குற்றம். 2024 ஜூலை முதல் அதே வாசகம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 195ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. கூட்டத்தைக் கலைத்தவர்மேல் அரசின் அனுமதியில்லாமல் வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பும் புதிய நடைமுறைச் சட்டத்தில் எண் மட்டும் மாறித் தொடர்கிறது. காலனியச் சட்டங்களை மாற்றிவிட்டோம் என்று சொன்னார்கள். பெயர் மாறியது, எண் மாறியது. வினையும் அதன் செயப்படுபொருளும் அப்படியே இருக்கின்றன.

இந்த வாக்கிய அமைப்பை வெளிப்படையாகப் போட்டு உடைத்தவர், விந்தை என்னவென்றால், டயர்தான். 1919 ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலா பாகில் 1650 ரவுண்டு சுட்ட பிறகு, அதே ஆண்டு நவம்பரில் ஹண்டர் குழுவின் முன் சாட்சி சொல்கையில், சுடாமலேயே கூட்டத்தைக் கலைத்திருக்க முடியும் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அவருடைய இலக்கு அந்தக் கூட்டம் மட்டுமல்ல. பஞ்சாப் முழுவதும் மனத்தளவில் ஒரு விளைவை உண்டாக்குவதே நோக்கம் என்றார். அரசுக் கணக்கிலேயே 379 பேர் செத்தார்கள். செத்தவர்கள் உள்ளே, அடங்க வேண்டியவர்கள் வெளியே. மனிதனிலிருந்து மனதுக்கு அந்த வினையின் செயப்படுபொருள் நகர்ந்தது என்றேனே, அந்த நகர்வு முழுக்கப் பொய்யுமில்லை என்று தோன்றுகிறது. ஒருவனைக் கொன்று ஊரின் மனதை அடக்குவதுதான் அந்தச் செயலின் முழு உருவம். ஊரின் மனதை மட்டும் எழுதிவிட்டுப் பிணத்தை விட்டுவிடுவதுதான் பொய்.

இனி நம்முடைய சொல்லுக்கு வருகிறேன். ‘அடக்கு’ என்பது ஆங்கிலச் சொல்லுக்குத் தவறான மொழிபெயர்ப்பா? முதலில் அப்படித்தான் நினைத்தேன். ‘நசுக்கு’ என்று போடலாமா, ‘ஒடுக்கு’ என்று போடலாமா என்று அலைந்தேன். ஒரு நண்பர் ‘ஒடுக்கு’ என்பதைச் சாதி, பால் அடிப்படையிலான நிரந்தரமான அமைப்புக்கு வைத்துக்கொள்வோம், ‘அடக்கு’ என்பதை அன்றைக்கு அன்றைக்கு நடக்கும் போலீஸ் காரியத்துக்கு வைத்துக்கொள்வோம் என்றார். ஒடுக்குமுறை, அடக்குமுறை என்று இரண்டு சொல் நம் அரசியல் எழுத்தில் நிலைத்ததற்கு இந்தப் பிரிவு ஓரளவு பொருந்துகிறது. ஆனால் பேச்சுத் தமிழ் இந்தப் பிரிவை மதிப்பதில்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள் ‘அடக்க ஒடுக்கமான பொண்ணு’ என்று இரண்டையும் சேர்த்தே கேட்கிறார்கள். அரசாங்கம் செய்தால் அத்துமீறல், பெண்ணுக்குள் இருந்தால் அழகு. குறளில் அடக்கமுடைமை பதின்மூன்றாம் அதிகாரம். அங்கே அது உடைமை, ஒருவன் தானே தன்னிடம் வைத்திருப்பது. பள்ளிக்கூடத்தில் அதைக் கைகட்டி வாய்பொத்தி நிற்பதற்குப் பாடமாக மாற்றிய கைங்கரியம் நம் வாத்தியார்களுடையது, என்னையும் சேர்த்து.

தோழர் சிரிப்பாகக் கேட்ட அந்த மூன்றாவது கேள்விதான் எனக்குத் திசை காட்டியது. நல்லடக்கம் என்கிறோம். தர்காவில் ‘இங்கே அடங்கியிருக்கிறார்’ என்கிறோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் ‘மூச்சு அடங்கிருச்சு’ என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடங்கு என்ற தன்வினைக்குள் சாவு இருக்கிறது. அப்படியானால் அடக்கு என்ற பிறவினைக்குள்? பழைய ஆங்கிலத்தின் ஜோடி எதுவோ அதேதான் நம் கையிலும் இருக்கிறது. மொழிபெயர்ப்பு தப்பே இல்லை. அது சரியாக இருந்த சரிக்கு நாம்தான் செவிடர்களாக இருந்திருக்கிறோம். ஒரு வித்தியாசம், ஆங்கிலத்தில் செத்துப்போன தன்வினை தமிழில் இன்னும் உயிரோடிருக்கிறது. அதனால் இங்கே ஆபத்தும் கூடுதல், வாய்ப்பும் கூடுதல்.

ஆபத்து இது: தன்வினை இருப்பதால் அடக்கியவனை ஒரேயடியாக மறைத்துவிடலாம். ‘கலவரம் அடங்கியது’ என்று பத்திரிகை எழுதும்போது அது தானாகவே அடங்கிவிட்டது, காய்ச்சல் விட்ட மாதிரி. ‘இயல்பு நிலை திரும்பியது’ – எங்கேயோ ஊருக்குப் போயிருந்த மாமா திரும்பி வந்த மாதிரி. ‘துப்பாக்கிச் சூடு நடந்தது’ – மழை பெய்த மாதிரி. 2018 மே 22இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பாளர்கள்மேல் போலீஸ் சுட்டதில் 13 உயிர்கள் போயின. அன்றைய தொலைக்காட்சித் தமிழை நினைத்துப் பார்த்தால் சுட்டவன் இருக்கிற வாக்கியங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சுட்டவர்களையும் சுடச் சொன்னவர்களையும் வாக்கியத்துக்குள் கொண்டுவருவதற்கு ஒரு விசாரணை ஆணையமும் நான்கு வருஷமும் தேவைப்பட்டன. அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில்தான் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது.

அதற்கும் முன்னால் தாமிரபரணி. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களின் கோரிக்கைகளுக்காகத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாகப் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. ஆற்றில் குதித்தவர்களையும் விடவில்லை. ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். அரசுத் தரப்பு சொன்னது, அவர்கள் மூழ்கி இறந்தார்கள் என்று. மூழ்கினார்கள், இறந்தார்கள். இரண்டும் சுத்தமான தன்வினை. வாக்கியத்தில் தடியும் இல்லை, தடி பிடித்த கையும் இல்லை. ஆறு மட்டும் இருக்கிறது. அவர்கள் மூழ்கடிக்கப்பட்டார்கள் என்று உறவினர்களும் இயக்கத்தவரும் சொன்னபோது, நடந்த சண்டை உண்மைகளைப் பற்றியது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இப்போது திரும்பிப் பார்த்தால் அது ஒரு வினையைத் தன்வினையாக விடுவதா, பிறவினையாக்குவதா என்ற சண்டையாகவும் இருந்திருக்கிறது.

வாய்ப்பு என்றேனே, அதைக் கண்டுபிடித்தது எந்தத் தமிழ்த் துறையும் அல்ல. 1990களில் விடுதலைச் சிறுத்தைகளின் சுவரெழுத்துகளில் ‘அடங்க மறு’ என்று எழுதினார்கள். அந்தக் காலத்தில் நம் சிறுபத்திரிகைகள் ஃபூக்கோவை வைத்து ஒடுக்குதல் பற்றிய சொல்லாடலைப் பக்கம் பக்கமாக விவாதித்துக்கொண்டிருந்தன (நான் அவற்றைக் கல்லூரிக்குள் வந்த பிறகு பழைய இதழ்களாகப் படித்தவன், புரியாத இடங்களில் அடிக்கோடு போட்டவன்). எனக்குத் தெரிந்து அந்த இரண்டு சொல்லின் இலக்கணத்தை யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. ‘அடக்குவதை எதிர்’ என்று அவர்கள் எழுதவில்லை. அப்படி எழுதியிருந்தால் வாக்கியத்தின் நடுவில் அடக்குகிறவனே நின்றிருப்பான். ‘அடங்க’ என்று தன்வினையை எடுத்தார்கள். அடங்குவது என் செயல், நான் செய்தால்தான் நடக்கும், நான் மறுக்கிறேன். இதை ஆங்கிலத்தில் அந்தப் பழைய வினையைக் கொண்டு சொல்லிப் பாருங்கள், முடியாது. அங்கே அடக்கப்பட மறு என்றுதான் சொல்ல வரும். தன்வினையைத் தொலைத்த மொழிக்கு வேறு வழியில்லை. மூச்சு அடங்குதல் என்ற பொருளையும் சேர்த்துப் படித்தால், அது செத்துப்போக மறுப்பதும்கூட. இதைச் சொன்னபோது ஒரு நண்பர், கோஷத்தை இலக்கணமாக்கிச் சாகடிக்காதே என்று கோபித்துக்கொண்டார். இருக்கலாம். எனக்கு என்னவோ அந்தச் சுவரைப் படித்த பிறகுதான் இலக்கணமே உயிரோடு தெரிகிறது.

ஒரு சுயவிமர்சனமும் பாக்கி இருக்கிறது. உண்மையறியும் குழு அறிக்கைகளில் நம் தோழர்கள் எழுதும் தமிழும் ‘பட்டது, பட்டனர்’ என்றே போகிறது. தாக்கப்பட்டனர், கைது செய்யப்பட்டனர், தீவைக்கப்பட்டது. அறிக்கைக்கு ஒரு கம்பீரம் வேண்டும் என்று நினைக்கிறோம் போலிருக்கிறது. வாக்குமூலம் கொடுத்த அந்த அம்மா அப்படிப் பேசியிருக்க மாட்டார். பேச்சுத் தமிழில் இந்தப் ‘பட்டது’ லேசில் வராது. ‘போலீஸ்காரன் வந்தான், அடிச்சான், குடத்தை உடைச்சான்’ என்று ஆள் உள்ள வாக்கியமாகத்தான் சொல்லியிருப்பார். அதைச் செயப்பாட்டுவினையாக மாற்றி எழுவாயைப் பிடுங்கிப் போடுவது போலீஸ் அல்ல, நாம்.

வெளியீட்டில் அந்த வாக்கியத்தை இப்படி மாற்றினேன்: ‘ஆற்காட்டிலிருந்து வந்த கம்பெனிப் படையினர் பகலுக்குள் கோட்டையைப் பிடித்து, எழுந்து நின்ற சிப்பாய்களையும், அரண்மனையில் ஒளிந்திருந்த சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்தியும் கொன்றார்கள்.’ வாக்கியம் நொண்டுகிறது, எனக்கே தெரிகிறது. ஒளிந்திருந்தவர்களை விட்டுவிட்டால் அழகாக இருக்கும் என்று ஒருவர் யோசனை சொன்னார். நொண்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

முந்நூறு பிரதி அடித்து வந்தது. கட்டைப் பிரித்தபோதுதான் பின்னட்டையைப் பார்த்தோம். வேறொரு நண்பர் எழுதிய அறிமுகக் குறிப்பில் மூன்றாவது வரியில், ‘கலகம் கொடூரமாக அடக்கப்பட்டது’ என்று இருந்தது. மெய்ப்பு பார்த்தவன் நான்தான். மறுபடி அச்சிடப் பணமில்லை. தோல் தொழிற்சாலைத் தோழரும் நானும் பேனாவோடு உட்கார்ந்தோம். “கொடூரமான்றது மட்டும் வேணும்னா இருக்கட்டும் தம்பி,” என்றார் அவர். கலகம் என்பதை அடித்துவிட்டு மேலே சிப்பாய்களை என்றும், அடக்கப்பட்டது என்பதை அடித்துவிட்டுக் கொன்றார்கள் என்றும் எழுதிக்கொண்டே போனோம். யார் கொன்றார்கள் என்று எழுத அந்த வரியில் இடம் போதவில்லை. ஓரத்தில் அம்புக்குறி போட்டுக் கம்பெனிக்காரர்கள் என்று எழுதினோம். நூற்றி எழுபதாவது பிரதி வாக்கில் அவருடைய பேனாவில் மை தீர்ந்துவிட்டது.